விளக்கு வைப்பதற்குள்

குணபத்திரன் நல்லவன்தான், மஸ்கட்டில் இருந்தவரை. அதை நான் எந்தக் கோயிலிலும் வந்து சொல்லுவேன்.

எண்பத்து மூன்றில் இருவரும் ஒரே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவன் திண்டிவனத்துக்கு மேற்கே நிலபுலன் உள்ள நயினார் வீட்டுப் பிள்ளை. ஸ்டோரில் கணக்கு பார்த்தான். நான் ஒலக்கூர்ப் பக்கம், சேரியில் பிறந்த வேதக்காரன், கிறிஸ்தவன். கட்டடத்துக்குக் கம்பி கட்டினேன். ஊரில் இருந்திருந்தால் அவன் கொல்லையில் கூலிக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கியிருப்பேன், அவ்வளவுதான் உறவு. அங்கே இடம் போதாமல் ஒரே ரூமில் எங்களைப் போட்டுவிட்டார்கள்.

நயினார்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார்கள். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் ஆகாது. கம்பெனி மெஸ்ஸிலோ இருட்டிய பிறகுதான் சோறு, அதிலும் கறி மிதக்கும். முதல் மாதம் அவன் ராத்திரியில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டு கிடந்தான். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. எனக்கு வேலை சீக்கிரமே முடியும் என்பதால், வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்து, சூரியன் மறைவதற்குள் ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுபோன கருவாட்டையும் பக்கத்து ரூமுக்குக் கொடுத்துவிட்டேன்.

பிறகு அவன் மாறினான். நோன்பு மாதத்தில் கூட வேலைபார்த்த பட்டாணியர்கள் கூப்பிட்டார்கள் என்று, இருட்டியபின் அவர்களோடு ஒரே தாம்பாளத்தில் கைவைத்துச் சாப்பிட்டான். அப்புறம் என் தட்டிலேயே சாப்பிட்டான்.

"இங்க வந்துதான்டா சவுரி எனக்குக் கண்ணு தொறந்துச்சி. ஊருக்குப் போனதும் நீ பொண்டாட்டியோட எங்க வீட்டு நடுக்கூடத்துல உக்காந்து சாப்புடணும். எங்கம்மா பரிமாறுவாங்க."

நம்பினேன். மனுசன் மாறுவான் என்று அந்த ஊரில்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

எண்பத்தாறில் ஊர் திரும்பினோம். நான் சொன்னதைக் கேட்டு என் மனைவி அம்சா சிரித்தாள். "நயினார் வூட்டுக்குள்ள நாமளா? பகல்ல கனா காணாத." அவளுக்குக் காட்டவேண்டும் என்றே கல்யாணப் புடவையைக் கட்டச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்று மணிக்கே போய்விட்டோம். குணா வாசலிலேயே எதிர்ப்பட்டான். உள்ளேயிருந்து அவன் அம்மா, "யாரு குணபத்திரா?" என்றார்.

"மஸ்கட்ல நம்ம கம்பெனில கம்பி கட்னவம்மா."

ஒரே ரூம் என்று சொல்லவில்லை. வெட்கப்படுகிறான் போலும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"வா சவுரி, புது மோட்டார் பாக்கலாம்" என்று கொல்லைக்கு அழைத்துப் போனான். மோட்டார் பார்த்தோம். கேப்பை பார்த்தோம். வரப்பு வரப்பாக நடந்தோம். அம்சாவுக்குக் கால் கடுத்தது. எனக்கோ சூரியன்மேல்தான் கண். அவனுக்காகத் தினமும் சூரியனைப் பார்த்துப் பார்த்துச் சோறு கொண்டு ஓடியவன் நான். இப்போது வீட்டுக்குக் கிளம்பினால் போதும், இப்போதாவது கிளம்பினால் போதும் என்று வயிறு சொல்லிக்கொண்டே இருந்தது. அவனும் சூரியனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். நிதானமாக, மறையும்வரை பேசினான்.

"அடடா, பேசிக்கினே இருந்துட்டோமே! வௌக்கு வெச்சிட்டா எங்க வூட்ல அடுப்பு மூட்டமாட்டாங்க. உனுக்குத் தெரியாததா?"

எனக்கா தெரியாது? அடித்துத் துரத்தியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது. நான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக் கொடுத்த விரதத்தையே கதவாக்கி என் முகத்தில் சாத்திவிட்டான், பாவி.

பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்தோம். ஒலக்கூர் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில், மோட்டார் சைக்கிளில் அவனே பின்னால் வந்து இறங்கினான்.

"கோச்சிக்காதடா சவுரி. அம்மா பழைய காலம். அங்க நாலு பேரு பாப்பாங்க. வா, இந்த ஓட்டல்ல பரோட்டா சாப்புடலாம். மஸ்கட்ல மாதிரி ஒரே தட்டுல." என் தோளில் கைகூடப் போட்டான்.

கையை எடுத்துவிட்டேன்.

"பொழுது சாஞ்சிடுச்சிங்க நயினாரே. நாங்க சாப்புடறதில்ல."

அவன் முகம் செத்துப்போனது. அம்சா என்னைப் பார்த்தாள். காலையில் குடித்த கூழோடு இருந்தவள். பஸ் வந்ததும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஏறி, ஜன்னலோரம் எனக்கு இடம் போட்டாள்.