வேரா கால்டனுக்கு ஒரு பூசை

செத்துப்போனவர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தால் யாரும் சந்தோஷப்படுவார்கள். மலேசியாவில், ஈப்போ புந்தோங்கில் இருக்கும் பியாட்ரிஸுக்கு மட்டும் அன்றைக்கு நெஞ்சை அடைத்தது. உயிரோடு இருந்தவர் வேரா கால்டன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகை. முப்பத்தாறு வருஷமாக பியாட்ரிஸ் வீட்டுச் சுவரில், அந்தோனியாருக்குப் பக்கத்தில், சட்டம் போட்டுத் தொங்கிவந்தவர்.

செய்தியைக் கொண்டுவந்தவன் தங்கை மகன் ஷான்.

"பெரியம்மா, உங்க வேராம்மா பல்செட்டு ஒட்டுற பசைக்கு விளம்பரம் பண்றாங்க லா" என்று கைப்பேசியை நீட்டினான். வேராவுக்கு இப்போது வயது எண்பத்து மூன்று. கன்னத்து மச்சம் அப்படியே இருந்தது. வேரா கால்டன் சிரித்துக்கொண்டே ஓர் ஆப்பிளைக் கடித்தார். புதுச் சீரியலில் வேறு நடிக்கப் போகிறாராம்.

"மூடுடா அதை!" என்றார் பியாட்ரிஸ். "ஜூடித் காதுல விழுந்துச்சு, உன்னைக் கொன்னுருவேன்."

இது ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஆரம்பித்த கூத்து. இன்றைக்கு அங்கே செம்பனை, அன்றைக்குப் பால்மரம். பியாட்ரிஸ் ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் ஆனால் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் மண்டபத்து டிவி முன்னால் ஆஜர். வேரா கால்டன் கசாப்புக் கடைக்காரர் மகளாகப் பிறந்து, சோப்பு விளம்பரத்தில் தலைகாட்டி, நர்சாகவும் வக்கீலாகவும் நடித்து, கடைசியில் அந்தப் புதன்கிழமைச் சீரியலில் மலைமேல் மாளிகை கட்டிய ஒரு கிழவனுக்கு இரண்டாம் தாரமாகி அழுதுகொண்டிருந்தார். பாதிப் பேருக்கு ஆங்கிலம் தெரியாது. அழுகைக்கு எதற்கு ஆங்கிலம்?

ஒரு புதன்கிழமை அவருடைய கார் பள்ளத்தில் உருண்டது. அடுத்த புதன் அந்த நேரத்தில் பூப்பந்து காட்டினார்கள். அதற்கடுத்த வாரமும் பூப்பந்து. டிவி நிலையம் அந்தச் சீரியலையே நிறுத்திவிட்டது என்று தோட்டத்துக்கு வந்து யார் சொல்வார்?

"ஆளே போயிட்டாங்க, அப்புறம் எப்படிக் காட்டுவான்?" என்றார் அடுத்த வீட்டு முத்தம்மா. நியாயமான பேச்சு. மண்டபமே ஒப்பாரி வைத்தது.

மறுநாளே பியாட்ரிஸ் மாதா கோயிலுக்குப் போய், வேரா கால்டனின் ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை கேட்டார்.

"உறவா?" என்று கேட்டார் சாமியார்.

"ஆமாஞ்சாமி. வாரா வாரம் பாப்போம்."

அந்த வருஷம் முத்தம்மாவின் வீட்டுக்காரர் குடியை விட்டார். தோட்டத்துக் கணக்கர் கிராணி வீட்டிலிருந்து காணாமல் போன மாடு தானாக வந்து கொட்டகையில் நின்றது. போதாதா? வருஷா வருஷம் பூசை தொடர்ந்தது. தோட்டம் கைமாறி, சனங்கள் ஈப்போவுக்கும் பீடோருக்கும் சிதறிய பிறகும் நின்றபாடில்லை. மேலுலகத்தில் வேராம்மாவுக்கு நல்ல செல்வாக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

பியாட்ரிஸின் ஒரே மகள் ஜூடித்துக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று முறை கர்ப்பம் தரித்து மூன்று முறையும் கலைந்துவிட்டது. மூன்றாவது முறை ஆஸ்பத்திரியிலிருந்து தாய் வீட்டுக்கு வந்தவள் எட்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஒன்பதாம் நாள், சுவரில் இருந்த வேராம்மாவின் படத்தை அவளே கழற்றித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள். இப்போது நான்காவது கர்ப்பம், எட்டு மாதம். அதிர்ச்சி எதுவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

பியாட்ரிஸின் கணக்கு எளிது. வேராம்மா மோட்சத்தில் இருந்து பரிந்து பேசியதால் பிள்ளை தங்கியது. வேராம்மாவோ மோட்சத்தில் இல்லை, அமெரிக்காவில் ஆப்பிள் தின்றுகொண்டிருக்கிறார். அப்படியென்றால் இந்தப் பிள்ளையை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? யாருமே இல்லை என்று ஜூடித்துக்குத் தோன்றிவிட்டால்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பியாட்ரிஸ் மகளின் கைப்பேசியை அரிசி டின்னில் மறைத்தார். வைஃபை பெட்டியின் வயரை எலி கடித்ததாகச் சொன்னார். எலி கத்தரிக்கோலால் கடித்த மாதிரி வெட்டு நேராக இருந்தது. ஜூடித் அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள்.

மனம் தாளாமல், இப்போது ஈப்போவிலேயே இருக்கும் முத்தம்மாவிடம் போய்க் கொட்டினார்.

"உசுரோட இருக்கிறவங்களைக் கும்பிடக் கூடாதுன்னு உங்க சாமிக்குத்தான் சட்டம்" என்றார் முத்தம்மா. "பேசாம எங்க பக்கம் தள்ளிவிடு லா. நாங்க வச்சுக்கிறோம்."

அன்று மத்தியானம் கோழி சூப் கொதிக்கும்போது பியாட்ரிஸ் மனசுக்குள் ஒரு பாவம் புகுந்தது. வேராம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. எப்படியும் போகவேண்டியவர். பிள்ளை பிறப்பதற்கு முன்னால் வலியில்லாமல், தூக்கத்திலேயே... அந்தோனியாரிடம் கேட்டே விட்டார். கேட்ட மறுநிமிஷம் கரண்டியைப் போட்டுவிட்டுப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடினார்.

"ஃபாதர், ஒருத்தங்க சாகணும்னு வேண்டிக்கிட்டேன்."

"யார் அது?"

"முப்பத்தாறு வருசத்துக்கு முன்னாடி செத்துப்போனவங்க."

திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. பியாட்ரிஸ் கதை முழுவதையும் சொன்னார். ஃபாதர் இரண்டு முறை இருமினார். இருமல்தானா என்பது கர்த்தருக்கே வெளிச்சம். பிறகு, உயிரோடு இருக்கிறவருக்கு இத்தனை வருஷம் செத்தவர்களுக்கான பூசை வைத்தது போதும், வரும் ஞாயிறு அவருடைய உடல்நலத்துக்கு ஒரு பூசை வை, அதுதான் உனக்கு அபராதம் என்றார்.

வேறு வழியில்லை. பியாட்ரிஸ் அலுவலகத்தில் பெயரை எழுதிக் கொடுத்தார். ஜூடித்தான் வீட்டோடு படுத்திருக்கிறாளே, அவளுக்கு எங்கே தெரியப் போகிறது என்ற தைரியம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜூடித் சேலை கட்டி, தலை சீவி, கூடத்தில் நின்றாள்.

"நானும் வாரேம்மா. பிரசவத்துக்கு முன்னாடி ஒரு வாட்டி பூசை பாத்து நன்மை எடுக்கணும். போலாம்."

பியாட்ரிஸ் வெயில் என்றார், கூட்டம் என்றார், தனக்கே தலைசுற்றுகிறது என்றார். ஜூடித் அதற்குள் காரில் ஏறிவிட்டாள். கோயிலுக்குள் நுழையும்போதே மணி அடித்தாயிற்று. யாருக்காகப் பூசை என்ற கருத்தை வாசிக்கும் கலாதேவி மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார். ஓடிப் போய்த் தாளைப் பிடுங்கலாமா என்றுகூட பியாட்ரிஸ் நினைத்தார். 

"இன்றைய திருப்பலிக் கருத்துகள்" என்று கலாதேவி கணீரென்று தொடங்கினார். "அமெரிக்காவில் வாழும் வேரா கால்டன் அம்மையாரின் உடல்நலம் வேண்டி, பியாட்ரிஸ் குடும்பத்தினர்."

பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின. முப்பத்தாறு வருஷம் இளைப்பாறியவருக்கு இப்போது உடல்நலமா? பியாட்ரிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு மகளின் கையைப் பிடித்தார். அந்தக் கை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தார். ஜூடித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்குத்தானா வயரை வெட்டுனீங்க?" என்று காதோரம் கேட்டாள். "எனக்கு எப்பவோ தெரியும்மா. காலேஜ்ல இருக்கும்போதே மிச்ச சீரியல் முழுக்கப் பாத்துட்டேன்."

"மிச்சமா?"

"கார்ல விழுந்து செத்தாங்க, அடுத்த வருசமே வந்துட்டாங்க. அப்புறம் கப்பல் வெடிச்சுச்சு. அதுலயும் திரும்பி வந்தாங்க. மூணாவது வாட்டி சூப்புல விசம் வச்சுப் புதைச்சே போட்டாங்க. மண்ணைத் தட்டிட்டு கல்யாண வீட்டுக்கு வந்து நிக்கிறாங்க."

"எல்லாம் தெரிஞ்சுமா அந்தப் படத்தை வச்சுக்கிட்டே?"

பாடகர் குழு பாட ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் எழுந்தார்கள். ஜூடித் முன் பெஞ்சைப் பிடித்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"எனக்கு மூணு வாட்டி போச்சும்மா" என்றாள். "மூணு வாட்டி போயும் திரும்பி வந்தவங்க வேற யாரைத் தெரியும் எனக்கு?"

பியாட்ரிஸ் மகளின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அன்றைய பூசை முழுக்க வேரா கால்டன் இன்னும் நூறு வருஷம் இருக்கவேண்டும் என்று மனசார வேண்டினார், பல்செட்டோடு.