அன்னக்கொடியின் மண்டி

போன ஐப்பசியில், மண்ணுக்குள் போய் ஏழு மாதமான அன்னக்கொடி எனக்குச் சுண்டக்கஞ்சி ஊற வைத்துக் கொடுத்தாள். நுரை முழங்கை உயரத்துக்கு நின்றது. இதைச் சொன்னதும் எங்கள் ஊர் கோச்சடையில் ஒருத்தனைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஒருத்தன் சிரிக்கவுமில்லை, நம்பவுமில்லை. அன்னக்கொடியின் தம்பி முத்துக்கருப்பன்.

நான் அப்காரி இலாகாவில் முப்பத்தோரு வருஷம் பியூனாக இருந்து ஓய்வு பெற்றவன். கள், சாராயக் கடைகளில் திருட்டுச் சரக்கு இருக்கிறதா என்று மோந்து பார்ப்பது உத்தியோகம். அவனியாபுரத்தில் எவனாவது பானை மூடியைத் திறந்தால் கோச்சடையில் நான் தும்முவேன். அப்பேர்ப்பட்ட மூக்குக்கு, சிவனாண்டியின் கடையில் கால் வைத்தால் மட்டும் சளி பிடித்துக்கொள்ளும்.

சிவனாண்டி முன்பக்கம் லைசென்ஸ் வாங்கிக் கள் விற்றான். பின்பக்கம், தட்டி மறைவில், அவன் பெண்டாட்டி அன்னக்கொடி ஆறு பானைகளில் சோற்றைப் புளிக்க வைத்துச் சுண்டக்கஞ்சிச் சரக்குப் போட்டாள். பழைய சோறும் தண்ணீரும் எந்த வீட்டிலும் உண்டு. அவளுடையதை அவளுடையதாக்கியது பானை அடியில் தங்கும் மண்டி. பாலுக்கு உறைமோர் எப்படியோ அப்படி. கஞ்சியை இறுத்தாலும் நாலு விரல்கடை மண்டியை விட்டு வைப்பாள். அடுத்த சோறு அதன் மேல்தான் விழும். ஒரு குவளை உள்ளே போனால் செத்த மாடு எழுந்து ஏர் இழுக்கும். சர்க்கார் சம்பளம் வாங்கிய நானே சத்தியம் செய்வேன்.

பங்குனியில் வாந்திபேதி வந்தது. ஒரு பகல், ஒரு ராத்திரி. அவ்வளவுதான் அன்னக்கொடி.

மூன்றாம் நாள் சிவனாண்டி பால் தெளிக்கச் இடுகாட்டுக்குப் போயிருந்தான். சாவு வீட்டில் பழைய பானை இருக்கக்கூடாது என்பது வழக்கம். அடுப்படிப் பானைகளைத் தெருவில் போட்டு உடைத்த முத்துக்கருப்பன், தட்டிக்குப் பின்னால் போய் அந்த ஆறையும் உடைத்துவிட்டான். சிவனாண்டி திரும்பி வந்தபோது மண்டி சாக்கடையோடு போய்க்கொண்டிருந்தது. அவன் குனிந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கினான். வழக்கத்தை யார் குறை சொல்வது?

புதுப்பானை வாங்கினான். வாரம் ஒரு தடவை போட்டான். ஒரு தடவை காடி, ஒரு தடவை நனைந்த ஆட்டு வாடை. ஒவ்வொரு தடவையும் அவனே குடித்துப் பார்த்துவிட்டு, பனைமரத்து அடியில் கொட்டினான். விற்பதற்காக அவன் போடவில்லை என்பது எனக்குப் புரட்டாசியில்தான் உறைத்தது.

"அவ கை அந்த மண்டியில இருந்துச்சு, பியூனண்ணே. ஒரு வாயி கெடச்சாப் போதும்" என்றான் சிவனாண்டி.

"கஞ்சியில என்ன மச்சான் கையி, காலு?" என்றான் கள் குடிக்க வந்திருந்த முத்துக்கருப்பன். "அரிசி மட்டம். மண்டியாம் மண்டி!"

எதிரில் இருப்பவனிடம் பேச அம்புட்டுச் சத்தம் தேவையில்லை.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. நான் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கினேன். மூக்கு என்னை இழுத்த இழுப்பில் வேட்டி அவிழ்ந்து, நான் மூன்றடி முன்னால் போயிருந்தேன். கூரைச் சரிவின் இறவாணத்தில் ஒரு துடுப்பு செருகியிருந்தது. அன்னக்கொடி பானை கிண்டிய பனைமட்டைத் துடுப்பு. அதன் கீறல்களில் மண்டி கறுத்துக் காய்ந்திருந்தது. சாரல் பட்டு, மணத்தது. உடைக்க வந்தவன் பானையைத்தான் தேடினான். கட்டையை யார் தீட்டு என்பார்கள்?

"சிவனாண்டி, சோறு இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"மூக்கு கேக்குதுடா."

துடுப்பைப் புதுப்பானைச் சோற்றில் அமுக்கி, வாய்க்குத் துணியால் வேடு கட்டினோம். சிவனாண்டி கடையைத் திறக்கவில்லை. பானையில் காதை வைத்துக்கொண்டே கிடந்தான். ஒரு நாள் போயிற்று, சத்தமில்லை. "வேணாம்ணே, கொட்டிருவோம்" என்றான். நான் பானைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் உள்ளே யாரோ முணுமுணுப்பதுபோலக் கேட்டது.

மூன்றாம் நாள் சிவனாண்டி ஒரு குவளை மோந்து குடித்தான். சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். நானும் குடித்தேன். என் நாக்கு ஏழு மாதம் பின்னால் போய்விட்டு, திரும்பி வர மறுத்தது. 

"மாப்ளயக் கூப்பிடுங்க" என்றான் சிவனாண்டி. அன்னக்கொடி கஞ்சி போட்டுக் கொடுத்தாள் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே போய் அவனைக் கூட்டி வந்தேன்.

முத்துக்கருப்பன் வாசலிலேயே நின்றான். "பியூனண்ணே, எங்கக்கா வந்து கிண்டுனாளா? நீரு பாத்தீரா? பொய்க்கும் ஒரு அளவு வேணாமா?"

"குடிச்சிட்டுப் பேசு மாப்ள."

குவளையை வாங்கினான். ஒரே மடக்கில் தீர்த்துவிட்டு ஏச வேண்டும் என்று வந்தவன் பாதியில் நிறுத்தினான். மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மழை கூரையிலிருந்து அவன் தோளில் சொட்டியது, நகரவில்லை.

"தெரியாம ஒடைக்கல மச்சான்" என்றான். "மொதப் பானையிலயே அக்கா வாசம் வந்துச்சு. அவளே போயிட்டா, இது மட்டும் எதுக்கு இருக்கணும்னு ஆத்திரம். அம்புட்டையும் ஒடச்சேன்."

சிவனாண்டி நிமிர்ந்து பார்த்தான். நகர்ந்து, சுவரோரம் பக்கத்தில் இடம் விட்டான்.

முத்துக்கருப்பன் உட்கார்ந்தான். குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "பியூனண்ணே சொல்றது நெசந்தான். இது அக்கா போட்டது."