மூடியில்லாத வண்டி

அம்மா இறந்த செய்தி தங்கைக்கு அவள் வேலை பார்க்கும் வண்டி ஷோரூமில் வைத்துத்தான் தெரிந்தது. வண்டி பார்க்க வந்த பழைய தெருக்காரர் ஒருவர், "அம்மா போனப்ப உன்னைக் காணலையேம்மா?" என்று சாதாரணமாகக் கேட்டார். அடக்கமெல்லாம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளை வாசற்படி மிதிக்க விடாத அண்ணனுக்கு அங்கிருந்தே போன் போட்டாள்.

"ஏன் எனக்குச் சொல்லல?"

"சொல்லணும்னு தோணல," என்று வைத்துவிட்டான்.

அதே அண்ணன் சில வருஷம் கழித்து, தன் கல் குவாரிக்கு பிக்கப் வண்டி வாங்க அந்த ஷோரூமுக்குள் நுழைந்தான். அவள் அங்கே இருப்பாள் என்று அவனுக்குத் தெரியாது. திரும்பிப் போனால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்தானோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வாங்கண்ணா," என்று எல்லா வாடிக்கையாளரிடமும் சிரிக்கிற சிரிப்பையே அவனுக்கும் சிரித்தாள்.

வண்டியைச் சுற்றி வந்தவன் டேங்க் கதவைத் திறந்து பார்த்தான். "என்னது, மூடியைக் காணோம்?"

"இதுக்கு மூடியே கிடையாதுண்ணா. பங்க்ல குழாயை உள்ள விட்டா இந்தத் தகடு தானா திறக்கும், எடுத்தா தானா மூடிக்கும். மூடியை மறந்து வெச்சுட்டு வர்ற பேச்சே இல்ல. கையில டீசல் நாத்தமும் ஒட்டாது. வண்டியைப் பூட்டினா வெளிக்கதவும் சேர்ந்து பூட்டிக்கும்."

"நம்ம டிரைவருங்க மூடியைத் தொலைக்கிறதுக்குன்னே பொறந்தவனுங்க. இதையே குடு."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம். குவாரிக்காரர் யார் வந்தாலும் அவள் திருகுமூடி வைத்த மாடலைத்தான் காட்டுவாள். கல்தூசி படியப் படிய அந்தத் தகடு சரியாக மூடாது. கெட்டுப்போனால் மூடி மாதிரி ஒன்று வாங்கி மாட்டிவிட முடியாது. டேங்குக்குப் போகும் குழாயோடு சேர்த்து மாற்ற வேண்டும். கேனிலிருந்து ஊற்றுவதென்றால் தகட்டைத் தள்ளித் திறக்க அதற்கென்றே ஒரு நீளப் புனல் வேண்டும். அது டூல்ஸ் பையில் வரும். வண்டியை அண்ணனிடம் ஒப்படைத்த காலையில் அவள் அந்தப் புனலை எடுத்துத் தன் மேஜை டிராயருக்குள் போட்டுக்கொண்டாள். மனசு அன்றைக்குப் பூராவும் குளிர்ந்து கிடந்தது.

மழைக்காலம் வருவதற்குள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. டீசல் தீர்ந்து வண்டி குவாரி வாசலை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டதாம். கேன் இருந்தும் ஊற்ற வழியில்லை. டிரைவர் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதில் தகடு உடைந்து, தூசியும் சேர்ந்து டேங்குக்குள் போய்விட்டது. பின்னால் லாரிகள் ஹாரன் அடிப்பது போனிலேயே கேட்டது.

"இதுக்குன்னு ஒரு புனல் வேணும்னு மெக்கானிக் சொல்றான், நீ ஏன் சொல்லல?" என்று கத்தினான்.

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "சொல்லணும்னு தோணலண்ணா," என்றாள்.

போனை வைத்துவிட்டாள்.

அன்றிரவு வயிறாரச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினாள். மறுநாள் ஷோரூம் திறந்ததும் அந்த டிரைவர் வந்து நின்றார். பிள்ளைகுட்டிக்காரர். தகட்டை உடைத்தார் என்று அண்ணன் வேலையைவிட்டு நிறுத்தியிருந்தான். "பையில புனல் இல்லவே இல்லம்மா. அதை மட்டும் ஒரு வார்த்தை முதலாளிகிட்ட சொல்லுங்க."

இந்த மனிதரை அவள் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. லீவு சொல்லிவிட்டு அவரோடு குவாரிக்குப் போனாள். அவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அண்ணனின் தகர அறைக்குள் நுழைந்தாள்.

"புனலை எடுத்தது நான்தான். தெரிஞ்சேதான் எடுத்தேன். வேணும்னா என் முதலாளிகிட்ட புகார் குடு, என் வேலை போகட்டும். டிரைவரை மறுபடி வேலைக்குச் சேத்துக்கோ."

"அவன் வேலைக்கு வரட்டும்," என்றான் அண்ணன். பிறகு, எங்கே குத்தினால் வலிக்கும் என்று தேடிப் பார்த்தவன் போல நிதானமாகச் சொன்னான்: "கடைசி ரெண்டு நாளும் அம்மா உன்னைத்தான் கேட்டா. வாசலையே பாத்துக்கிட்டு கிடந்தா. தெரிஞ்சுக்கோ."

வலித்தது. ஆனால் அம்மா தன்னை மறந்தே போய்விட்டாளோ என்று இத்தனை வருஷமும் அவள் தனக்குள் புழுங்கியது அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டான். அதை அவனிடம் சொல்லவும் இல்லை, அவனை மன்னிக்கவும் இல்லை.

வெளியே காத்திருந்த டிரைவர் அவள் கண்ணைப் பார்த்துப் பதறினார். "என்னம்மா, திட்டிட்டாரா?"

"இல்லண்ணே. நாளையிலேருந்து நீங்க வேலைக்கு வாங்க," என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "எங்கம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தோம்," என்றாள்.