எட்டு நாள் எண்ணெய்

மொன்றியலிலிருந்து கொண்டுவந்த நாற்பத்து நான்கு மெழுகுதிரிகளும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்ததைத் தலியா கண்டது, பண்டிகை தொடங்குகிற அன்று பின்னேரம் நான்கு மணிக்கு. ஓகஸ்ட் மாதம் பெட்டி திறந்து அடுக்கியபோது, மேற்குச் சுவரோடு நிற்கிற அலுமாரிக்குள் மெழுகுதிரி வைத்தால் வேலணை வெயில் அதை என்ன செய்யும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். நீலம், மஞ்சள், வெள்ளை எல்லாம் கலந்து தேங்காய் அளவில் ஒரு உருண்டை விழுந்தது.

"அம்மா, இதைக் கொளுத்த ஏலாதே," என்றாள் ஏழு வயது ஷீரா.

தலியா யூதப் பெண். சசிகரனைக் கல்யாணம் செய்து பதினொரு வருஷமாகிறது. தீவுகளுக்குக் காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் மின்சாரம் எடுக்கிற வேலைக்கு அவன் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் ஊருக்கு வந்தபோது, தாயும் மகளும் கூடவே வந்து அவனுடைய அக்கா கோசலாவின் வீட்டில் இறங்கினார்கள். வந்த இடம் தலியாவுக்குப் பிடித்துவிட்டது. இந்நேரம் மொன்றியலில் வாசல் கதவைத் திறப்பதற்கே பனி அள்ள வேண்டும். இங்கே மாரி மழையும் தவளைச் சத்தமும்தான். கோசலா தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு "என்ன குளிரப்பா!" என்று நடுங்குவாள், கையில்லாச் சட்டையோடு நிற்கிற தலியாவுக்குச் சிரிப்பு வரும்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. புறப்படுகிற அன்று அவளுடைய அப்பா விமான நிலையத்தில் வைத்துச் சொன்னார்: "அங்கே ஜெபாலயம் இல்லை, நம்மவர் ஒருவரும் இல்லை. நீ ஒருத்திதான். நீ விட்டால் பிள்ளைக்கு அதோடு சரி." வயதானவர்கள் இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள், கேட்டவளுக்குத்தான் நித்திரை வராது. அன்றிலிருந்து தலியா ஒரு வெள்ளிக்கிழமைகூட விளக்கேற்றாமல் விட்டதில்லை. பிள்ளை ஜெபத்தில் ஒரு சொல்லை மறந்தாலும் தன் கையிலிருந்து ஏதோ நழுவியதுபோல அவளுக்குப் பதறும்.

"இதுக்கோ இவ்வளவு யோசிக்கிறீர்?" என்றபடி வந்தாள் கோசலா. பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர், ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் கட்டாதவள், கையில் எடுத்த எதையும் அரைகுறையாய் விடாதவள். "கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்கின சிட்டி விளக்கு மிச்சம் கிடக்கு. எண்ணெய் கிடக்கு. திரி நான் திரிச்சுத் தாறன்."

தலியா மச்சாளைக் கட்டிப் பிடித்துவிட்டாள். ஹனுக்கா என்ற அந்தப் பண்டிகைக்கு ஆதியில் எண்ணெய் விளக்குத்தானே. மெழுகுதிரி பிறகு வந்தது. எட்டு மண் சிட்டிகளை ஜன்னல் படியில் வரிசையாக வைத்தார்கள். மற்றவற்றைக் கொளுத்துவதற்கான ஒன்பதாவதை ஒரு கவிழ்த்த கிண்ணத்தின் மேல் உயர்த்தி வைத்தார்கள். தலியா விதிகளைச் சொன்னாள். நாளுக்கு ஒரு விளக்குக் கூடும். தெருவால் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அந்த வெளிச்சத்தில் வேறு வேலை பார்க்கக்கூடாது. ஒருவரும் அணைக்கக்கூடாது, தானாக எரிந்து முடிய வேண்டும்.

"தானாகவோ?" என்று கேட்டாள் கோசலா.

"ஓம் மச்சாள். தானாக."

கோசலா பிறகும் ஒருதரம் கேட்டாள். அதே பதில்தான். அவள் திரி திரிக்க இருந்துவிட்டாள்.

பிறகு தலியா கதையைச் சொன்னாள். பகைவரிடமிருந்து கோயிலை மீட்டபோது விளக்குக்கு ஒரு நாள் எண்ணெய்தான் இருந்தது. அது எட்டு நாள் எரிந்தது. கோசலா கண் வாங்காமல் கேட்டாள். "வற்றாப்பளை அம்மாளுக்கு உப்புத் தண்ணியிலையே விளக்கு எரியுது. எண்ணெய் எட்டு நாள் எரியாதோ?" என்றாள். இவ்வளவு சுலபமாக ஒருவர் நம்பியதைத் தலியா அதற்கு முன் கண்டதில்லை.

முதல் மூன்று நாளும் குறையில்லாமல் போயின. ஷீரா கொளுத்தினாள், ஜெபத்தைப் பாடினாள், உருளைக்கிழங்கு வடையை வயிறு முட்டத் தின்றாள். நாலைந்து மணித்தியாலத்தில் எண்ணெய் வற்றி, திரி கருகி, விளக்குகள் அடங்கும். மூன்றாம் நாள் கடல் பொங்கியதால் படகு ஓடவில்லை. வேலைக்குப் போன சசிகரன் நயினாதீவிலேயே தங்க வேண்டியதாகிவிட்டது. கோசலா அன்று பிள்ளையார் கதைக்குக் கோயிலுக்குப் போய்வந்தபோது முகம் சரியில்லை. விரதக் களைப்பு என்று தலியா நினைத்தாள். பிள்ளையார் கதை படிக்கிற இருபத்தொரு நாளும் கோசலா ஒரு நேரம்தான் சாப்பிடுவாள்.

அப்படியே நாலாம் நாளும் கொளுத்தினார்கள். அடுத்த நாள் விடிந்தது.

"அம்மா! அம்மா! எரியுது!"

தலியா அடித்துப்பிடித்து எழும்பி ஓடினாள். வெளியே சாம்பல் நிறத்தில் விடிந்துகொண்டிருந்தது. ஜன்னல் படியில் ஐந்து சிட்டிகளும், நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்குக் கொளுத்தியவை, ஒன்றுகூடக் குறையாமல் எரிந்துகொண்டிருந்தன. ஷீரா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஒளிக்காமல் சொல்வதென்றால் தலியாவுக்கும் உடம்பு புல்லரித்தது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவளும் முழுதாக நம்பினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எத்தனையோ வருஷமாக வந்ததில்லை.

பிறகு ஜன்னல் படியில் புதிதாகச் சிந்திய எண்ணெயைக் கண்டாள்.

அவள் திரும்புவதற்குள் ஷீரா தொலைபேசியை எடுத்துவிட்டாள். மொன்றியலில் அப்போது இரவு ஏழரை. "அம்மப்பா, எங்கட வீட்டிலையும் நடந்தது!" அந்தப் பக்கம் கிழவர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அதோடு நின்றாளா? வேலிக்கு மேலால் எட்டி அடுத்த வீட்டுப் பிரியவதனிக்கும் சொன்னாள். பிரியவதனிக்கு ஒரு சேதி கிடைத்தால் ஒழுங்கை முழுவதும் ஒலிபெருக்கி கட்டியது மாதிரித்தான். காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஒரு போத்தல் நல்லெண்ணெயோடு வந்து ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "பின்னேரம் எல்லாரும் வருவம்," என்று சொல்லிப் போனாள்.

தலியா குசினிக்குப் போனாள். கோசலா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"மச்சாள், ராத்திரி விளக்குக்கு எண்ணெய் விட்டது நீங்களோ?"

"ஓம், நான்தான் விட்டனான். வேற ஆர் விடுறது?" கோசலாவின் முகத்தில் களவு செய்த சாயல் துளிகூட இல்லை. "மூண்டு நாளாத் திரி கருகக் கருகப் பாத்துக்கொண்டிருந்தனான் தலியா. எங்கட வீட்டிலை விளக்கு அப்பிடிக் கருகி நூரக்கூடாது, அது கூடாத சகுனம். பூவாலை அமத்துவம் எண்டால், நீர் அணைக்கக்கூடாது எண்டு சொல்லிப்போட்டீர். அங்காலை படகு வராமல் தம்பி நிண்டிட்டான். எனக்கு நெஞ்சு பதறிச்சுது. அணைக்கவும் கூடாது, கருகவும் கூடாது எண்டால் எண்ணெய் விடுறதைத் தவிர என்ன வழி?"

இரண்டு வீட்டு விதியையும் ஒன்றும் மீறாமல் காப்பாற்ற வேறு வழி கிடையாதுதான்.

"பிள்ளை அதை அற்புதம் எண்டு நினைச்சிட்டாள்," என்றாள்.

துருவுபலகையிலிருந்து கோசலாவின் கை விலகியது. "ஐயோ! நான் பிள்ளை விளக்கைக் கண்டு சந்தோஷத்திலை துள்ளுறா எண்டெல்லோ நினைச்சனான்." கொஞ்சம் யோசித்தாள். "ஒருதருக்கும் சொல்லாதையும். நான் சாகுமட்டும் வாய் திறக்கமாட்டன். பிள்ளை நம்பினது நம்பினதாகவே இருக்கட்டும்."

சசிகரனும் தொலைபேசியில் அதையேதான் சொன்னான், அதுவும் சிரித்துச் சிரித்து. "விடுமப்பா. உம்மட கொப்பருக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வருமோ? கடல் அடங்கீட்டுது, மத்தியானப் படகிலை வாறன். கடல் அடங்கினது தன்ரை எண்ணெயாலைதான் எண்டு அக்கா சொல்லப்போறா."

மத்தியானம் மட்டும் தலியா அதோடு மல்லுக்கட்டினாள். பேசாமல் இருந்தால் போதும். பிள்ளை சாகும்வரை மறக்காத ஒரு காலை அவளுக்குக் கிடைத்துவிட்டது; எந்த ஜெபாலயமும் அப்படியொன்றைக் கொடுக்காது. தான் ஒருத்தியாய் இழுத்துக்கொண்டு வந்த பாரம் ஒரே காலையில் இறங்கியிருக்கும். ஆனால் பத்து வருஷம் கழித்து ஒரு நாள் ஷீராவுக்கு உண்மை தெரியவரும். அந்த எண்ணெயோடு சேர்த்துத் தாய் சொன்ன எல்லாவற்றையும் அவள் வெளியே கொட்டிவிடுவாள்.

மழை விட்ட நேரம் பார்த்து ஷீராவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஷீரா, விளக்கு தன்பாட்டிலை எரியேல்லை. மாமி எழும்பி எழும்பி எண்ணெய் விட்டவ."

பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது. பிறகு தலியா பயந்த அதே கேள்வி வந்தது. "அப்ப நீங்கள் சொன்ன கதையும் பொய்யோ?"

"அந்தக் கதையை எனக்கு அம்மப்பா சொன்னவர். அவருக்கு அவரின்ரை அப்பா. நான் அதை நம்பித்தான் உனக்குச் சொன்னனான். ஆனால் எங்கட ஜன்னலிலை நடந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு உனக்குப் பொய் சொல்ல எனக்கு ஏலாது."

ஷீரா விறுக்கென்று திரும்பி வீட்டுக்குள் போனாள். எல்லாம் போய்விட்டது என்றுதான் தலியா நினைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனபோது, குசினியில் கோசலாவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று பிள்ளை விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள்.

"எத்தினை தரம் எழும்பினனீங்கள் மாமி?"

கோசலா தலியாவை ஒருதரம் பார்த்தாள். தலியா தலையசைத்தாள். "மூண்டு தரம், பிள்ளை. பத்துக்கு, ஒண்டுக்கு, பேந்து மூண்டரைக்கு. அதுக்குப் பிறகு படுத்தும் என்ன, நாலரைக்கு நான் முழுக எழும்பத்தானே வேணும்."

"மழை பெய்ததே?"

"பெய்தது. ஜன்னலாலை சாரல் அடிச்சுது. விளக்குக்குக் குடையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிண்டனான்."

"உங்களுக்கு?"

"ஒரு குடைதானே பிள்ளை."

சால்வையைச் சுற்றிக்கொண்டு, பசி வயிற்றோடு, தான் கும்பிடாத ஒரு கடவுளின் விளக்குக்குக் குடை பிடித்து நின்ற மச்சாளைத் தலியா அப்போதுதான் மனக்கண்ணில் கண்டாள். அடுத்த அறையில் தான் போர்த்துக்கொண்டு படுத்துக்கிடந்ததும் ஞாபகம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

ஷீரா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை. தாயைப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, அந்தக் கோயிலிலை எட்டு நாளும் எழும்பினது ஆர்?"

நாற்பது வருஷமாக அந்தக் கதையோடு வாழ்ந்த தலியாவுக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. எண்ணெய் குறையாமல் இருந்தது என்பார்கள்; பக்கத்தில் யார் நின்றார்கள் என்று ஒருவரும் சொன்னதில்லை.

"தெரியாது ஷீரா," என்றாள்.

"பாவம் அவ. எட்டு நாளும் நித்திரையில்லை."

"ஒருத்திக்கு எட்டு நாள் ஏலாது பிள்ளை," என்றாள் கோசலா, தனக்கு அதில் அனுபவம் இருக்கிற தோரணையில். "எனக்கு ஒரு நாளைக்கே கண் எரியுது. கன பேர் இருந்திருப்பினம். முறை வைச்சு எழும்பியிருப்பினம்."

தலியா குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள். நீ ஒருத்திதான் என்று அப்பா சொன்னதை நாலு மாதமாகச் சுமந்து திரிந்திருக்கிறாள். அவர் கணக்கில் கோசலாவைச் சேர்க்க மறந்துவிட்டார், அவளும்தான் மறந்துவிட்டாள்.

"அம்மப்பாவுக்கு நான் சொல்லுறன்," என்றாள் ஷீரா. "அவருக்கு மாமியைத் தெரியாதுதானே. பின்னேரம் வாற ஆக்களுக்கும் நான்தான் சொல்லுவன்."

"ஐயோ, சனம் சிரிக்கும்!" என்றாள் கோசலா.

"சிரிச்சால் அவையும் ஒவ்வொரு நாள் எழும்பட்டும்." ஷீரா ஜன்னலடிக்குப் போய், அன்றைக்கு வேண்டிய ஆறு சிட்டிகளையும் துணியால் துடைக்கத் தொடங்கினாள். அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இண்டைக்கு ஆரின்ரை முறை?"

தன்னுடைய முறை என்றாள் தலியா. பிறகு மச்சாளிடம் திரும்பி, அலாரத்தை எத்தனை மணிக்கு வைக்க வேண்டும் என்று கேட்டாள்.