உறை மட்டும் பழசு

போட்டோ ஸ்டூடியோக்காரருக்கு ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் மெமரி கார்டு என்றால் உயிர். சட்டைப் பையோடு துவைத்தெடுத்த கார்டிலும் படங்கள் அப்படியே இருந்ததைக் கண்ணால் பார்த்தவர். ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் இரண்டு கார்டில் பதிவு செய்கிறவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த மனைவி மகளுக்காகப் பேசியதை மட்டும் ஒரே கார்டில் எடுத்தார். சொந்த வீட்டு வேலைதானே என்ற மெத்தனம்.

மனைவி இறந்தபின் கம்ப்யூட்டரில் செருகினால், கார்டு திறக்கவே இல்லை. தெரிந்த வித்தையெல்லாம் காட்டியும் ஒன்றும் தேறவில்லை. விற்ற கடைக்காரரிடம் போய்க் கத்தினார்.

"கம்பெனி கை மாறிடுச்சுண்ணே. வாங்கினவன் பேரையும் உறையையும் அப்படியே வெச்சுக்கிட்டு, உள்ள மட்டமான சரக்கைப் போடறான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேய்யா."

"நீங்கதான் வேற எதையும் தொட மாட்டீங்களே. உத்தரவாதம் இருக்கு, புதுசு வந்துடும்."

சொன்னபடியே புதுக் கார்டு தபாலில் வீட்டுக்கு வந்தது. கார்டைச் சரிபண்ண அனுப்பியிருப்பதாக மட்டுமே மகளிடம் சொல்லி வைத்திருந்தார்; பதிவு போய்விட்டதை இன்னும் சொல்லியிருக்கவில்லை. அவளே வாசலில் வாங்கி, உறையைப் பிரித்து, கார்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"சரி பண்ணி அனுப்பிட்டாங்களாப்பா? அம்மா பேசினதைப் போடுங்க."