ரெண்டு சிங்கம் சீர்

டெஹரானில் வேலை பார்த்த மைத்துனர் கொடுத்த ஏட்டைச் சேஷன் கண்ணாடிச் சட்டம் போட்டுத் திருவனந்தபுரம் கரமனை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார். மிருகங்களைப் பற்றிய பழைய பாரசீகப் புத்தகத்தின் ஒரு பக்கம். இரண்டு சிங்கங்கள். ஒன்று மற்றதன் முதுகில் மோவாயை வைத்திருந்தது. மேலே நாலு வரி எழுத்து.

மகள் சாவித்ரியைப் பெண் பார்க்கப் பிள்ளையின் அப்பா நாகேஸ்வரன் வந்திருந்தார். சீர் ஒன்றும் வேண்டாம் என்று இப்போதுதான் சொல்லியிருந்தார். சேஷனுக்கு அந்த ஒரு சொல்தான் பிடி. கொடுக்க அவரிடம் எதுவும் இல்லை.

நாகேஸ்வரன் சொஜ்ஜியை மென்றபடி ஏட்டைப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"தெரியாது."

"தெரியாததை ஆத்துல மாட்டுவாளோ? அபசகுனமா இருந்தா?"

தெருமுனையில் குடை ரிப்பேர் செய்யும் மைதீனை அழைத்தார்கள்.

"குர்ஆன் ஓதுற எழுத்தாக்கும் சாமி. கூட்டி வாசிப்பேன். அர்த்தம் அறியாது."

"வாசி, போதும்."

மைதீன் விரல் வைத்து வாசித்தார். பாதியை விழுங்கினார். ஒரு சொல் மட்டும் தெளிவாக வந்தது.

"ஷீர்."

நாகேஸ்வரன் தட்டைக் கீழே வைத்தார். "சீரா?"

"இங்கயும் ஷீர். வரிக்கு ஒண்ணு கிடக்கு சாமி."

பாரசீகத்தில் ஷீர் என்றால் சிங்கம். கூடத்தில் யாருக்கும் அது தெரியாது.

"நான் கேக்கலை, ஓய்," என்றார் நாகேஸ்வரன். "உம்மாத்துச் சுவர் கேக்கறது. எழுதினதை மீறப்படாது, அல்லே?"

"அது வேற பாஷையாக்கும்," என்றார் சேஷன்.

"எந்த பாஷையானா என்ன? சீர் சீர்தானே."

சேஷன் மைதீனைப் பார்த்தார். மைதீன் தன் கையிலிருந்த குடைக்கம்பியைப் பார்த்தார்.

"இன்னொரு தரம் வாசிக்கட்டா?"

"வேண்டாம்."

சாவித்ரி காப்பியுடன் வந்தாள்.

"என்ன சீர்னு கீழேயே படம் போட்டிருக்கே," என்றாள். "ரெண்டு சிங்கம்."

எல்லோரும் பார்த்தார்கள்.

"அது ஞாயமாக்கும்," என்றார் மைதீன்.

நாகேஸ்வரன் யோசித்தார். எழுதினதை மீறப்படாது என்றது அவர்தான்.

"எழுத்து நாலு தரம் சொல்றதே. படத்துல ரெண்டுதானே இருக்கு."

"பாக்கி ரெண்டு தலை தீபாவளிக்கு," என்றார் சேஷன்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. சீர்த் தாம்பாளத்தில் ஏடு மட்டும் போயிற்று.

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு நாகேஸ்வரனும் வந்தார். மாப்பிள்ளை உள்ளே போனார். நாகேஸ்வரன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பாக்கி ரெண்டையும் கட்டிப் போட்டிருக்கேளோல்லியோ?"