இழுத்தால் இறுக்கும் கிருமி

மாதேஸ்வரிக்கு அந்த வருஷத்தில் மூன்றாவது தடவையாக நீர்க்கடுப்பு வந்தது. கெலமங்கலத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஓசூர் வந்து, செல்போன் பாகம் பொருத்தும் லைனில் நிற்கிறவள் அவள். பாத்ரூம் போக வேண்டுமென்றால் கை தூக்கி, மாற்றாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு லைனில் பாதிப் பெண்கள் காலையில் தண்ணீரே குடிப்பதில்லை. இவளும் அப்படித்தான்.

சுத்தமாகத்தானே இருக்கிறேன், எங்கிருந்து வருகிறது என்று கிளினிக்கில் கேட்டாள். டாக்டரம்மா கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார். எல்லார் குடலிலும் இருக்கிற கிருமிதான், வழி தவறி மூத்திரப்பைக்குள் போய்விடுகிறது. அதன் உடம்பெல்லாம் பொடிப்பொடி ரோமம். ரோமத்தின் நுனியில் ஒரு புரதம், அதுதான் பையின் சுவரைக் கவ்விக்கொள்கிறது.

"நீர் போற வேகத்துல அடிச்சிக்கினு போயிடாதாம்மா?"

"அதான் அதோட விசேஷம். இழுக்க இழுக்க இன்னும் இறுக்கமா புடிச்சிக்கும்."

பிறகும் டாக்டரம்மா ஏதேதோ சொன்னார், தண்ணீர் நிறையக் குடி என்றார். மாதேஸ்வரியின் மனசு அந்த இறுக்கத்திலேயே நின்றுவிட்டது. இழுத்தால் இறுக்கும் என்றால், தண்ணீர் குடிப்பது கிருமிக்குத்தானே நல்லது? அப்புறம் எதற்குக் குடிக்கச் சொல்கிறார்? திரும்பிப் போய்க் கேட்க வாய் வரவில்லை. மாத்திரை விழுங்க ஒரு மடக்கு, அதோடு சரி. எரிச்சல் குறைந்ததும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

அடுத்த வாரம் லைனில் நிற்கும்போதே குளிர் உதறியது. விலாவுக்குப் பின்னால் குத்து வலி. பக்கத்தில் நிற்கும் திருநெல்வேலிக்காரி பொற்கொடி என்னவென்று விசாரித்தாள். கேட்டு முடித்ததும் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, கிருமிய பட்டினி போடுதேன்னு கிட்னிய காய வச்சிருக்கியே."

அவள்தான் கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள். கிருமி கிட்னிவரை ஏறிவிட்டதாக டாக்டரம்மா சொன்னார். ஊசி போட்டார்கள். இந்தத் தடவை மாதேஸ்வரி கேட்டேவிட்டாள்.

"இழுத்தா இறுக்கும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

"புடிச்சிருக்கறது இறுக்கும். அது குட்டி போட்டுக்கிட்டே இருக்குமில்ல, அந்தக் குட்டிங்க மிதந்துக்கிட்டு இருக்கும். அதுங்க புடிக்கறதுக்குள்ள தண்ணி அடிச்சிட்டுப் போகணும். புடிச்சதுக்குத்தான் மாத்திரை. அத பாதியில நிறுத்தக் கூடாது."

பாதிதான் புரிந்தது. எது பிடித்தது, எது மிதக்கிறது என்று உள்ளே போய் யார் பார்ப்பது? லீவு முடிந்து வேலைக்கு வந்த அன்றும் குழப்பம் தீரவில்லை. இருந்தாலும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டே லைனில் நின்றாள்.

டீ நேரத்துக்கு முன்பே முட்டியது. வழக்கம்போல் அடக்கினாள். கொஞ்ச நேரத்தில், மிதக்கிறதெல்லாம் இப்போது இடம் தேடுமே என்று தோன்றிவிட்டது. கையைத் தூக்கினாள். மாற்றாள் சுமலதா தூரத்தில் வேறொருத்தியின் இடத்தில் நின்றிருந்தாள். லைன் முழுக்க இவளையே பார்ப்பதுபோல் இருந்தது.

மாதேஸ்வரி கையை இறக்கவில்லை.